தனியாள் இணையப் பெயருக்கு என்ன சொல்? (ஒன்பதாம் வகுப்புக்கு, திங்களுக்குள்)

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தில் எங்கள் தமிழ்வழி ஒன்பதாம் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். ஆளுக்கொரு இணையப் பெயர் கிடைத்தால் அது எப்படி அமைய வேண்டும் என்று பிள்ளைகளையே வடிவமைக்கச் சொல்லும் பாடம். திங்களன்று நகல் எடுத்தாக வேண்டும். இணையதளத்தைத் திறக்க நாம் தட்டும் பெயருக்கு, அதாவது டொமைன் நேமுக்கு, களப்பெயர், ஆள்களப்பெயர் இரண்டும் புழங்குகின்றன. களம் என்றால் இங்கே நெல்லடிக்கும் களம்தான். பெயருக்கு ஒரு சொல், அதன் பின்னாலுள்ள, கணினியை அடையாளம் காட்டும் ஐபி எண்ணுக்கு ஒரு சொல் வேண்டும்.

ஒரு சிறுமி பலகையில் "செ.கவிதா" என்று எழுதினாள். இணையப் பெயரில் புள்ளி வைத்தால் பெயர் மேல்படி, கீழ்ப்படி என்று பிரிந்துவிடும். வலப்பக்கம் இருப்பது பெரியது, இடப்பக்கம் இருப்பது அதற்குள் அடங்கியது. அப்படிப் பார்த்தால் அப்பா மகளுக்குள் அடங்குகிறார். பதிவேட்டில் மலையாள வழக்கப்படி அவள் "கவிதா.செ". இணைய வரிசைக்கு அதுதான் ஒத்துவருகிறது. இதை எப்படி விளக்குவது?

செங்கோட்டைப் புலவர் எழுதியது:

டீச்சர், நம் மரபு பெரியதில் தொடங்கிச் சிறியதற்கு இறங்குவது என்று சொல்லுங்கள். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்பதில் ஊர், சேரி, ஆள் என்று வரிசை எவ்வளவு தெளிவு! "ஊரும் பெயரும் உடைத்தொழிற் கருவியும்" என்று தொடங்கும் தொல்காப்பிய மரபியல் நூற்பாவையும் காட்டலாம். பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் ஜேனட் வலையமும் முதலில் நாட்டை முன்னால் வைத்தே எழுதியது. பிறகுதான் உலக வழக்குக்கு மாறியது.

டொமைன் என்பதன் உட்பொருள் உடைமை. நமக்குக் கிழமை என்ற சொல் இருக்கிறது. கோவூர் கிழார் என்றால் கோவூருக்கு உரியவர். ஆகவே கிழமைப்பெயர்.

குப்பம் நண்பர் எழுதியது:

> ஆகவே கிழமைப்பெயர்.

ஐயா, எங்கள் பிள்ளைகளுக்குக் கிழமை என்றால் வெள்ளிக்கிழமை. இலக்கணத்துக்கே வாருங்கள். சாத்தனது கை தற்கிழமை, சாத்தனது வீடு பிறிதின்கிழமை. இணையப் பெயரைப் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்வார். கையைப்போல் ஒட்டிய உரிமை என்று பிள்ளை நம்பிவிடக் கூடாது.

இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு தனியாட்களுக்கென்று 2000இல் தேர்ந்தெடுத்த டாட்-நேம் (.name) என்ற முடிவு முதலில் பெயர், குடும்பப்பெயர் என்ற இரட்டை அமைப்பில்தான் பதிவு தந்தது. இங்கே ஆந்திரத்தில் எந்தப் படிவமானாலும் இண்டிபேரு, அதாவது குடும்பப்பெயர், கேட்கும். நம்மவர்கள் அப்பா பெயரை எழுதிச் சமாளிக்கிறோம். குடும்பப்பெயர் இல்லாதவரை எண்ணிப் பார்க்காத ஏற்பாடு எல்லோருக்குமானது ஆகாது. இந்தக் குறை பாடத்தில் வரட்டும். சொல்லுக்கு வலைப்பெயர் போதும்.

கொல்லங்கோட்டிலிருந்து:

ஐபி எண்ணுக்கு எண்விலாசம். மலையாளத்தில் மேல்விலாசம், நம் பாட்டிமார் சொன்னதும் விலாசம். செட்டிநாட்டு வணிகத்தில் விலாசம் என்பது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த கடைப்பெயர். இன்ஷியல் சிக்கலோடு வந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

செங்கோட்டைப் புலவர் எழுதியது:

விலாசம் வடசொல். முகவரி இருக்க அது எதற்கு?

கொல்லங்கோட்டிலிருந்து:

ஐயா, எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் பிழைத்திருப்பதே இப்படிப்பட்ட பொதுச்சொற்களால்தான். பக்கத்து பெஞ்சில் மலையாளம் பேசும் பிள்ளைக்கும் விலாசம் புரியும். அதைப் பிடுங்கினால் நம் பிள்ளை முகவரிக்குப் போகாது, அட்ரஸுக்குத்தான் போகும்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வலைப்பெயருக்கு ஆதரவு கூடுதல் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஐபிக்கு எண்முகவரி என்று அச்சிட்டு, வகுப்பில் விலாசம் என்றும் சொல்லிக்கொடுப்பேன். புள்ளி வராதபடி "செகவிதா", "கவிதாசெ" இரண்டையும் எழுதிக் காட்டி எது வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடமே விடப்போகிறேன்.

செங்கோட்டைப் புலவர் எழுதியது:

சரி டீச்சர், அச்சுக்கு அனுப்புங்கள். என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். தொடக்கத்தில் வலையமைப்பின் எல்லாப் பெயர்களையும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பில் வைத்திருந்தார்கள். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறை வந்த பிறகே, ஒரு பெயரைப் பெற்றவர் அதற்குக் கீழே தாமே பெயர் வைக்கலாம் என்றானது. கவிதா நாளை தன் பெயருக்குக் கீழே தம்பிக்கு ஒரு பெயர் கொடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். அந்த ஆளும் உரிமை வலைப்பெயரில் எங்கே இருக்கிறது? கிழமை வேண்டாமென்றால் ஆள்களத்தையாவது அடுத்த பதிப்பில் திரும்பக் கொண்டுவாருங்கள்.