மைட்ரல் வால்வு ஆபரேஷன்: எஸ்டிமேட் 4.6 லட்சம், காப்பீடு 2 லட்சம். மீதிக்கு என்ன வழி?

கட்டபெட்டு தேயிலை

அம்மாவுக்கு வயசு 52. ருமாட்டிக் காய்ச்சலால் வந்த மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது பக்க வால்வு) சுருக்கம். கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வால்வு மாற்றணும்னு சொல்லி எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்காங்க. வால்வு, மருந்து, டெஸ்ட் எல்லாம் சேர்த்து 1,90,000. சர்ஜன், மயக்க டாக்டர், தியேட்டர், நர்சிங் 1,80,000. ஐசியூ 3 நாள் 45,000. அறை 5 நாள் 25,000. இதர செலவு 20,000. மொத்தம் 4,60,000.

என் கம்பெனி குரூப் பாலிசியில் பெற்றோருக்கு 2 லட்சம் கவர். அறை வாடகை வரம்பு ஒரு நாளைக்கு அதில் 1%, ஐசியூவுக்கு 2%. பெற்றோர் க்ளெய்முக்கு 20% கோ-பே (க்ளெய்மில் நாமே கட்ட வேண்டிய பங்கு). சம்பளம் மாசம் 24,000, அதனால் இஎஸ்ஐ இல்லை. வேலையும் குடித்தனமும் திருப்பூரில், ஆனா ரேஷன் கார்டில் என் பேர் இன்னும் ஊரில் அப்பா அம்மாவோடதான் இருக்கு. அவங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை, இலை கூட்டுறவு ஃபேக்டரிக்குப் போகுது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கவே இல்லை. ரெண்டு மாசத்துக்குள் பண்ணிடணும்னு டாக்டர் சொல்றார்.

அறையை 2,000 ரூபாய்க்குள் மாற்றிக்கிட்டா க்ளெய்ம் கூடுமா? முதலமைச்சர் திட்டத்தில் இனிமேல் சேர முடியுமா? வேற எங்கே கேட்கலாம்?

பில் பிரிச்சுப் பார்ப்பவர்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன், கணக்காவே.

அறை வரம்பு 2,000, நீங்க எடுக்கிறது 5,000. அதாவது 40%. அந்த 40% விகிதம் அறைக்கும், அறையோட சேர்ந்து ஏறி இறங்குற சர்ஜன், மயக்கம், தியேட்டர், நர்சிங் கட்டணங்களுக்கும்தான் பொருந்தும். மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (ஊசி, கையுறை மாதிரி ஒருதடவை பயன்படுத்துற பொருள்), உள்ளே பொருத்துற வால்வு, டெஸ்ட் இதுக்கெல்லாம் அப்படி வெட்டக் கூடாதுன்னு ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) 2020-லேயே சொல்லியாச்சு. ஐசியூவுக்கும் விகித வெட்டு கிடையாது, உங்க பாலிசியில் தனியா இருக்கிற 2% வரம்பு மட்டும்தான்.

ஆக 1,80,000 என்பது 72,000 ஆகும். அறை 10,000, ஐசியூ 12,000, வால்வு மருந்து டெஸ்ட் முழுசா 1,90,000. கூட்டினா 2,84,000. கோ-பே 20% போனா 2,27,200. இதுவே 2 லட்சத்தைத் தாண்டிடுச்சு. அதனால அறையை மாற்றினாலும் க்ளெய்ம் ஒரு ரூபாய் கூடாது. உங்க தலைவலி அறை வாடகை இல்லை, கவர் தொகை.

இருந்தாலும் அறையை மாத்துங்க. நிறைய ஆஸ்பத்திரியில் அறை வகையைப் பொறுத்துத்தான் சர்ஜன் ஃபீஸும் தியேட்டர் சார்ஜும். பொது வார்டுக்கோ ட்வின் ஷேரிங்குக்கோ (ரெண்டு பேர் அறை) எஸ்டிமேட்டை மறுபடி போட்டுத் தரச் சொன்னா மொத்த பில்லே இறங்கும். கேட்காம அவங்களா போட்டுத் தர மாட்டாங்க.

ரெண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பு இருக்கு. சில டிபிஏ (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைப் பார்க்கிற நிறுவனம்) முழு பில்லுக்கும் 40% போடுவாங்க, அப்போ 1,84,000 ஆகி, கோ-பே போக 1,47,200-லேயே நின்னுடும். சில பேர் கோ-பேயை 2 லட்சத்தில் கழிச்சு 1,60,000 தருவாங்க. பாலிசி வாசகம் எப்படின்னு ஹெச்ஆர்கிட்ட முழு பாலிசி காப்பி வாங்கிப் பாருங்க. ஒரு பக்க சுருக்கம் போதாது. தப்பா வெட்டினா இன்ஷூரன்ஸ் கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுதணும். ஒரு மாசத்தில் பதில் வரலைன்னாலோ பதில் சரியில்லைன்னாலோ சென்னை இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கிற அதிகாரி) போகலாம். மறுத்த நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்கணும். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ஹெச்ஆர்கிட்ட இன்னொன்னும் கேளுங்க: "கார்ப்பரேட் பஃபர் இருக்கா?" கவர் தீர்ந்துபோன பெரிய கேஸுக்குன்னு பல கம்பெனிகள் பாலிசியில் பொதுவா ஒரு தொகை வெச்சிருக்கும். ஹெச்ஆர் சிபாரிசு மெயில் போட்டாத்தான் திறக்கும். பெற்றோருக்கு உண்டா இல்லையாங்கிறது பாலிசிக்குப் பாலிசி மாறும்.

குன்னூர் இ-சேவை

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனா தம்பி, நீங்க மெனக்கெட வேண்டிய இடம் முதலமைச்சர் காப்பீடுதான். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, ஏற்கெனவே இருக்கிற நோய்னு காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும்.

சிக்கல் உங்க பேர்தான். ஒரே ரேஷன் கார்டில் இருக்கிற வரைக்கும் உங்க 2,88,000-ம் அந்தக் குடும்ப வருமானம். நீங்க நிஜமாவே திருப்பூரில் தனிக் குடித்தனம், அதனால பேரை நீக்குறதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கோத்தகிரி வட்ட வழங்கல் அலுவலகத்தில் உங்க பேரை (மனைவி பேரும் அதில் இருந்தா சேர்த்து) நீக்க மனு கொடுங்க. உங்களுக்குப் புது கார்டு வர நாளாகலாம், அதுக்காக நிற்க வேண்டாம். அம்மாவோட கார்டு அப்படியே செல்லும், பேர் போனா போதும்.

அடுத்து விஏஓகிட்ட வருமானச் சான்று. அப்பா வருமானத்தை எப்படி நம்புறதுன்னு கேட்பாங்க. ஃபேக்டரியில் ஒரு வருஷ இலைக் கணக்கு வாங்கிட்டுப் போங்க. உரம், பறிகூலி கழிச்சா முக்கால் ஏக்கரில் 1,20,000 தாண்டாது. ஆனா வாயால சொல்றதைவிட தாள் பேசும்.

அதுக்கப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோட அப்பா அம்மா ரெண்டு பேரும் நேரில் ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகணும். போட்டோ, கைரேகை எடுப்பாங்க. ரேஷன் கார்டில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் வேற ஸ்பெல்லிங்னா அங்கேயே திருப்பி அனுப்பிடுவாங்க, கோத்தகிரியிலேயே பார்த்துச் சரிபண்ணிட்டுக் கிளம்புங்க.

ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்குன்னு போர்டு மாட்டியிருந்தா மட்டும் போதாது. இதய அறுவைக்கு அங்கீகாரம் இருக்கான்னு 1800 425 3993-ல் கேட்டுக்கோங்க. எலும்புக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கின இடமும் உண்டு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியையும் கணக்கில் வைங்க.

முக்கியமானது இதுதான். பணம் கட்டி அட்மிட் ஆகிட்டு, பிறகு அட்டையைக் காட்டி மாற்றிக்கலாம்னு நினைக்காதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி அனுமதி வரணும். கட்டின பணத்தைத் திட்டம் திருப்பித் தராது. வால்வு, மருந்து, படுக்கை, சாப்பாடு எல்லாம் பேக்கேஜுக்குள் அடக்கம். "நல்ல வால்வு வேணும்னா மேல 60,000 கட்டுங்க"ன்னு கேட்டா அதே நம்பரில் புகார் பண்ணலாம்.

எக்கோ ரூம்

ரெண்டு பேரும் ஆபரேஷன் முடிவாயிடுச்சுன்னே பேசுறீங்க. அதுக்கு முன்னாடி எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. சுருக்கம் மட்டும்தானா, லீக்கும் இருக்கா? வில்கின்ஸ் ஸ்கோர் (வால்வு எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு எக்கோவில் போடுற மதிப்பெண்) எவ்வளவு? இடது மேலறையில் ரத்தக்கட்டி இருக்கா?

ஸ்கோர் 8 அல்லது அதுக்குக் கீழ், லீக் லேசா இருக்கு அல்லது இல்லை, கட்டியும் இல்லைன்னா பலூன் வெச்சு விரிக்க வாய்ப்பு உண்டு. தொடை ரத்தக்குழாய் வழியா போறது, நெஞ்சைத் திறக்க வேண்டாம், ரெண்டு மூணு நாளில் வீடு. செலவும் வால்வு மாற்றுறதில் ஒரு பங்குதான். கட்டியை உறுதியாப் பார்க்க தொண்டை வழி எக்கோ எடுக்கணும். வால்வில் சுண்ணாம்பு படிஞ்சு தடிச்சுப் போயிருந்தா பலூன் சரிப்படாது, கிழிஞ்சு லீக் வந்தா அவசர ஆபரேஷன் ஆயிடும். அதனால "பலூன் ஏன் முடியாது"ன்னு இன்னொரு இதய டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுடுங்க. நல்ல காரணம் இருந்தா அவரே ரெண்டு வரியில் சொல்லிடுவார்.

மாற்றியே ஆகணும்னா வால்வு வகையும் செலவுதான். டிஷ்யூ வால்வு விலை கூட, சுமார் 10 முதல் 15 வருஷம். 52 வயசுக்கு அநேகமா மெக்கானிக்கல்தான் சொல்வாங்க. அது நிலைக்கும், ஆனா வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை, கூடவே பிடி-ஐஎன்ஆர் டெஸ்ட் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பார்க்கிறது). முதலில் வாராவாரம், நிலைச்ச பிறகு மாசம் ஒருமுறை. மைட்ரலுக்கு ஐஎன்ஆர் பொதுவா 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில். குறைஞ்சா வால்வில் கட்டி, கூடினா ரத்தக்கசிவு. கட்டபெட்டில் இருந்து எந்த லேபுக்குப் போவீங்க, மழையில் ரோடு அடைச்சா என்ன பண்ணுவீங்கன்னு இப்பவே யோசிங்க. அந்த மாத்திரைக்காகக் கீரையை நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் தினமும், ஒரு வாரம் சுத்தமா இல்லைன்னு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மெடிக்கலில் கேட்டு வாங்குற வலி மாத்திரை கூடவே கூடாது.

செலவே இல்லாத இடமும் ஒண்ணு உண்டு. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் சத்ய சாய் உயர் மருத்துவ நிலையம். இதய அறுவை முழுக்க இலவசம், வருமானம் கேட்க மாட்டாங்க. காத்திருப்பு இருக்கும், அதனால ரெண்டு மாசக் கெடு இருக்கிறப்பவே ரிப்போர்ட்டோட போய்ப் பாருங்க, கடைசி நேரத்தில் இல்லை. கோவையில் ரயில் ஏறி கிருஷ்ணராஜபுரத்தில் இறங்குறது சுலபம். கூடலூர் வழி ரோட்டில் போனா பந்திப்பூர் ராத்திரி 9-ல் இருந்து காலை 6 வரை அடைப்பு.

கட்டபெட்டு தேயிலை

ரிப்போர்ட்டில் வில்கின்ஸ் 11-ன்னு போட்டிருக்கு, லீக் மிதம். அப்போ பலூன் இல்லைன்னு நினைக்கிறேன். பேர் நீக்க மனு திங்கட்கிழமை கொடுக்கிறேன். அட்டை வர்றதுக்குள் டாக்டர் அவசரப்படுத்தினா பிரதமர் நிவாரண நிதி கிடைக்குமா?

குன்னூர் இ-சேவை

11-ம் மிதமான லீக்கும்னா வால்வு மாற்றம்தான் சொல்வாங்க, சரி.

பிரதமர் தேசிய நிவாரண நிதியில் இதய அறுவைக்கு உண்டு, ஆனா ஒரு பங்குதான் தருவாங்க, அதுவும் ஆஸ்பத்திரி கணக்குக்கு நேரடியா. அந்தப் பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரியா இருக்கணும். அசல் எஸ்டிமேட், வருமானச் சான்று, முகவரிச் சான்று, அம்மா போட்டோ சேர்த்து எம்.பி. அலுவலகக் கடிதத்தோட அனுப்புவாங்க. இதுவும் கட்டி முடிச்ச பணத்துக்குக் கிடையாது. அட்டை வேலையை நிறுத்தாம பக்கத்தில் இதையும் ஓட்டுங்க. எஸ்டிமேட் அசல் ரெண்டு காப்பி சீல் வெச்சு இப்பவே வாங்கிடுங்க, ஒண்ணு இதிலேயே போயிடும்.

பில் பிரிச்சுப் பார்ப்பவர்

உங்க பி.எஃப். கணக்கில் பெற்றோர் சிகிச்சைக்கு முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம். வட்டிக்கு வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. குரூப் பாலிசியை விட்டுடாதீங்க, திட்டத்தில் அனுமதி தள்ளிப்போனா அதுதான் கைவசம்.

எக்கோ ரூம்

வால்வு ஆபரேஷனுக்கு முன்னாடி பல் டாக்டர் சான்று கேட்பாங்க, சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி புது வால்வில் போய் ஒட்டிக்கும்னு. பல் எடுக்க வேண்டியிருந்தா புண் ஆற நாள் வேணும், அட்மிஷன் தேதியே தள்ளிப்போகும். அட்டைக்காக ஊட்டி போற அன்னைக்கே அங்கே அரசு ஆஸ்பத்திரியில் அம்மா பல்லைக் காட்டிடுங்க. ரத்தம் கொடுக்க ஆள் கேட்பாங்க, ஆண்கள்னா கடைசியா கொடுத்து 90 நாள் ஆகியிருக்கணும், பெண்கள்னா 120.