வெறும் வண்டியோடு திரும்பும் வழி

கந்தப்பளை, மரக்கறி லொறி ஓட்டுபவர்:

கந்தப்பளையிலிருந்து மாத்தறைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறியை ஒன்பது ஆண்டுகளாக நானே ஓட்டி வருகிறேன். நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை வழியாக இறங்கி, அவிசாவளையைக் கடந்து, கடுவலையில் அதிவேக வீதிக்குள் நுழைந்து, கொடகமவில் வெளியேறுவது என் வழக்கமான பாதை. லீக்ஸ் மூட்டைகளிலிருந்து வழியெல்லாம் நீர் சொட்டிக்கொண்டே வரும். விடிவதற்குள் சந்தைக்குள் இறக்காவிட்டால் தாள்கள் துவண்டுவிடும், விலையும் விழுந்துவிடும். ஆகவே அதிவேக வீதியை நான் குறை சொல்ல வரவில்லை. அது இல்லாத காலத்தில் காலி வீதியால் ஊர்ந்து சென்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

என் மனத்தை உறுத்துவது திரும்பும் பயணந்தான். சென்ற மாதம் ஒரு நாள், மடித்த சாக்குகளும் ஒரு படங்கும் மட்டுமே பின்னால் கிடக்க, கடுவலை வாயிலில் அட்டையை நீட்டினேன். நிறைந்த பாரத்தோடு முதல் நாள் இரவு கொடகமவில் செலுத்திய அதே தொகை திரையில் தெரிந்தது. கூண்டுக்குள் இருந்த பிள்ளையிடம், "மகள், வண்டி வெறுமையாக இருக்கிறதே, இதற்கும் அதே கட்டணமா?" என்று சிங்களத்தில் கேட்டேன். அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, வண்டியின் வகையையும் தூரத்தையும் தவிர வேறெதையும் தன்னால் பதிய முடியாது என்று மரியாதையாகவே விளக்கியது. அதன் மீது எந்தப் பிழையும் இல்லை. பிழை கணக்கிடும் முறையில் இருக்கிறது.

வீதி தேய்வதற்குக் காரணம் அச்சின் மீது இறங்கும் பாரமே. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் லொறிகளை மீண்டும் மீண்டும் ஓட்டி நடத்திய பரிசோதனையிலிருந்து, அச்சுப் பாரம் இரு மடங்கானால் வீதிக்கு ஏறக்குறைய பதினாறு மடங்கு சேதம் உண்டாகும் என்ற கணக்கைப் பொறியியலாளர்கள் எடுத்தார்கள். இந்தக் கணக்கு எனக்கு முழுக்க அனுகூலமானதல்ல என்பதை அறிவேன். பாரம் ஏற்றிச் செல்லும்போது காரைவிடப் பல மடங்கு கூடுதலாக நான் செலுத்த வேண்டும் என்றுதான் அது சொல்கிறது, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே கணக்கின்படி வெறும் லொறி செய்யும் சேதம் மிகச் சொற்பம். வாயிலுக்கு முன் ஒரு நிறுவைத் தட்டை வைத்தால், நிறைந்த வண்டிக்கு ஒரு கட்டணமும் வெறும் வண்டிக்கு வேறொரு கட்டணமும் அறவிடுவதில் என்ன சிரமம் இருக்கிறது? இப்போதுள்ள முறையில் திரும்பும் கட்டணத்தை நான் வாடகையில் சேர்க்கிறேன், வியாபாரி அதைக் கழித்துக்கொண்டே விலை பேசுகிறார், கடைசியில் அது கரட் கிண்டும் தோட்டக்காரரின் கையிலிருந்து போகிறது. அவர் அந்த வீதியைக் கண்ணால் கண்டதேயில்லை.

ஹட்டன், வாடகை வேன் ஓட்டுபவர்:

அண்ணன் எழுதியதை வாசித்ததும் என் நிலையையும் சொல்லத் தோன்றியது. எனக்குப் பெரும்பாலும் கட்டுநாயக்க விமான நிலையப் பயணங்களே கிடைக்கின்றன. தோட்டத்திலிருந்து குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை வழியனுப்ப, தாயும் கணவனும் பிள்ளைகளுமாக ஒன்பது பத்துப் பேர் ஏறுவார்கள். கடுவலையில் ஏறி, கெரவலப்பிட்டி வழியாகச் சென்று இறக்கிவிட்டு, அதே இரவு திரும்புவோம். திரும்பும்போது வண்டியில் ஒரு இருக்கைதான் குறைந்திருக்கும், ஆனால் அந்த அமைதியை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்த நேரத்தில், கடன் வாங்கிப் பயணச் செலவு கட்டிய குடும்பத்தாரிடம் இரண்டாவது முறையும் முழுக் கட்டணத்தைக் கேட்டு வாங்குவது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அங்கே சென்ற என் பெரியப்பாவின் மகன் கோத்தகிரியில் இருக்கிறார். அங்கே தேசிய நெடுஞ்சாலைகளில் 24 மணி நேரத்துக்குள் திரும்புபவருக்கு ஒருவழிக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கோடு கணக்கு முடிந்துவிடுகிறது என்றார். சுங்கச்சாவடிக்கு 20 கிலோமீட்டருக்குள் வசிக்கும் சொந்த வண்டிக்காரருக்கு மாதாந்த அனுமதிச் சீட்டும் உண்டாம். அங்கேயும் சுங்கக் கட்டணத்தைப் பற்றி ஆயிரம் முறைப்பாடுகள் இருக்கின்றன, அதையும் அவரே சொன்னார். ஆயினும் போனவர் திரும்பித்தான் ஆகவேண்டும் என்பதை அந்த விதி கவனத்தில் எடுத்திருக்கிறது. நிறுவைத் தட்டுக்குப் பணம் தேடும் வரை காத்திராமல், இதை இங்கே நாளைக்கே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

மாத்தளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி பழையது. 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம், ஆண்கள் ஆண்டுக்கு 6 நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. வசதியுள்ளவனுக்கும் வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதவனுக்கும் ஒரே அளவு. அந்த ஆண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். வகையையும் தூரத்தையும் மட்டும் பார்த்துப் பணம் கேட்கும் இன்றைய முறையிலும் அதே சமன்பாடு தெரிகிறது.

மத்திய அதிவேக வீதியில் மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்டிக்கான பகுதி இன்னும் வந்து சேரவில்லை, நாங்கள் கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் நிற்கிறோம். கண்டி வாயில் திறந்த பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசப் புறப்பட்டால் காலம் கடந்துவிடும். கந்தப்பளைத் தம்பி, உங்களிடம் பழைய பற்றுச்சீட்டுகள் இருந்தால், போன நாளையும் திரும்பிய நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். மனுவை நான் சிங்களத்திலும் தமிழிலும் எழுதித் தருகிறேன்.

கந்தப்பளை, மரக்கறி லொறி ஓட்டுபவர்:

ஐயா, இரண்டு வருடச் சீட்டுகள் இருக்கின்றன. சிலவற்றில் மை மங்கிவிட்டது. தெளிவாக உள்ளவற்றைப் பிரித்தெடுத்து ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். ஹட்டன் தம்பியின் சீட்டுகளும் சேர்ந்தால் நல்லது.