போர் விளையாட்டில் உங்கள் முதல் ஆட்டம் எப்படி இருந்தது?

பார்வதிபுரத்துக்காரர்:

சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்தபோது ஒரு போர் விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தான். அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட வரைபடம், நூற்றுக்கு மேற்பட்ட அட்டைத் துண்டுகள், நாற்பது பக்க விதிப் புத்தகம். ஆனி மாதச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு பேர் பாய் விரித்து உட்கார்ந்தோம். காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். மாலையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வந்தபோதும் இரண்டாவது சுற்று முடியவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அப்படியே போயின. நான்காவது வாரம் இருவர் வரவில்லை. இருவரும் சதுரங்கத்தில் கெட்டிக்காரர்கள். அவர்களை இழந்தது இன்றும் எனக்கு வருத்தம்.

எங்கே சிக்கினோம் என்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு துண்டிலும் போர் வலிமைக்கு ஓர் எண், நகரும் தூரத்துக்கு ஓர் எண். அதில் குழப்பமில்லை. சண்டை வந்தால் தாக்குபவரின் வலிமையைக் காப்பவரின் வலிமையால் வகுக்க வேண்டும். மிச்சம் வருவதைக் காப்பவருக்குச் சாதகமாகத் தள்ளிவிட வேண்டும். நான் 7 வலிமையைத் திரட்டி 4 வலிமையுள்ள படையைத் தாக்கினேன். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்ற நம்பிக்கை. விதிப்படி அது ஒன்றுக்கு ஒன்றுதான். பகடையை உருட்டி, சண்டை முடிவைச் சொல்லும் அட்டவணையைப் பார்த்தால், தாக்கியவர் அழிவு. இன்னும் 1 வலிமை பக்கத்தில் நின்றிருந்தால் 8க்கு 4, அதாவது இரண்டுக்கு ஒன்று; அட்டவணையில் வேறு நெடுவரிசை, வேறு முடிவு. வகுக்கும் முறை புத்தகத்தில் தெளிவாகவே இருந்தது. அந்த ஒற்றைத் துண்டை இரண்டு சுற்றுக்கு முன்பே கிளப்பியிருக்க வேண்டும் என்பதை எங்களுக்கு யார் சொல்வது?

ஆதிக்கக் கட்டம் என்ற விதி இன்னும் கடினம். ஒரு படையைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களும் அதன் ஆதிக்கத்தில் இருக்கும். எதிரி அதற்குள் கால் வைத்தால் நின்றுவிட வேண்டும். பின்வாங்கும் படை அதற்குள் போக முடியாது, வேறு வழி இல்லையென்றால் அழியும். ஐந்து முறை சத்தமாக வாசித்தோம். எதற்காக இப்படி ஒரு விதி என்பது யாருக்கும் விளங்கவில்லை.

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற என் மாமா வந்தபிறகுதான் ஆட்டம் நகர்ந்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டுபோய் ஒரு வாரம் படித்தார். அடுத்த ஞாயிறு அதை மடியில் வைத்துக்கொண்டு, "மக்களே, உங்கள் படைக்கு என்ன உத்தரவு என்று மட்டும் சொல்லுங்கள். கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஆதிக்கக் கட்டத்துக்கு அவர் தந்த விளக்கம் இது: "ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களே, பதினைந்து ஆடுகள் மூன்று புலிகளை என்ன செய்யும்? கொல்லவா செய்யும்? நகர இடமில்லாமல் அடைக்கும். இங்கேயும் அதுதான்." பாயில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் வரைபடத்தை நோக்கிக் குனிந்தோம். அன்று எட்டுச் சுற்று ஆடினோம்.

பிறகு இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1824இல் பிரஷ்ய (ஜெர்மானிய அரசு ஒன்றின்) ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் ஆடுபவர்கள் உத்தரவை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள்; கணக்கும் பகடையும் நடுவர் கையில் இருக்கும். 1876இல் இன்னொரு பிரஷ்ய அதிகாரியான வெர்டி டு வெர்னுவா இன்னும் ஒரு படி போய், அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கூடவே இருப்பார் என்ற நினைப்பில் பிறந்த விளையாட்டு இது. இன்று பெட்டி மட்டும் வீட்டுக்கு வருகிறது, அந்த ஆள் வருவதில்லை. புதியவர்கள் திணறுவதற்கு நான் காணும் முதன்மையான காரணம் இதுதான்.

குளச்சல் ஆசிரியை:

அண்ணா, உங்கள் மாமாவைப் போல ஒருவர் எல்லா ஊரிலும் வேண்டும். நான் சொல்ல வந்தது விநியோக விதி பற்றி. படைக்கு உணவும் வெடிமருந்தும் வந்துசேரும் வழி அறுந்தால் அதன் வலிமை குறையும் என்பது பெரும்பாலான ஆட்டங்களில் உண்டு. தொடக்கத்தில் சிரமமாக இருக்கிறது என்று இதைத்தான் எல்லோரும் முதலில் விட்டுவிடுகிறார்கள். மாணவர்களுக்குக் கற்பித்தபோது நானும் விட்டேன். பிள்ளைகள் எல்லாப் படைகளையும் வரைபடத்தின் மறுமுனைக்கு ஓட்டிச் சென்றார்கள். பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால் எங்கள் கடப்புறத்தையே ஓர் அட்டையில் வரைந்தேன். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம் இது. வெற்றித் தூணைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். முற்றுகைக்குள் இருந்த டச்சு முகாமில் வெடிமருந்து தீப்பற்றி, அரிசிக் கையிருப்பும் எரிந்துபோனதைச் சொன்னேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உடனே, "அப்படியென்றால் சண்டையே வேண்டாமே டீச்சர், சுற்றி நின்றால் போதுமே" என்றாள். விநியோக விதியும் ஆதிக்கக் கட்டமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. அங்கே சிறைபிடிக்கப்பட்ட டச்சு அதிகாரி டிலனாய் பின்னாளில் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார் என்றதும், கோட்டைக்கு எப்போது கூட்டிப்போவீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

குழித்துறை மாணவர்:

எனக்கு மாமாவும் இல்லை, டீச்சரும் இல்லை. நான் ஆடுவது கணினியில், ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 என்ற இரண்டாம் உலகப் போர் ஆட்டம். ஆட்டம் 1936 ஜனவரி 1இல் தொடங்குகிறது. பயிற்சிப் பாடத்தில் இத்தாலியாக எத்தியோப்பியாவுடன் போரிட வேண்டும். அதை முடித்துவிட்டு உண்மையான ஆட்டத்துக்குள் போனால் தொழிற்சாலை, ஆய்வு, ரயில்பாதை, விமானப்படை என்று எல்லாம் ஒரே நேரத்தில் நம்மைக் கேட்கின்றன. பார்வதிபுரத்து அண்ணன் சொன்ன கணக்குகளையெல்லாம் கணினியே போட்டுவிடுகிறது. எனக்கு அதுதான் கஷ்டம். என் படை தோற்கிறது, ஏன் தோற்றது என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக ஒரே எல்லையில் நிற்கிறேன்.

பார்வதிபுரத்துக்காரர்:

தம்பி, ஆட்டத்தை நிறுத்திவையுங்கள். சண்டை நடக்கும் இடத்தில் ஒரு குமிழ் தெரியும். அதைச் சொடுக்கினால் இரு தரப்புக்கும் எந்தக் காரணத்தால் எவ்வளவு வலிமை குறைகிறது என்று வரிசையாகக் காட்டும். நிலம், ஆறு, கோட்டை எல்லாம் அதில் வரும். எங்கள் பெட்டியில் இருந்த அட்டவணை அங்கே அந்தக் குமிழுக்குள் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு வெற்றியை மறந்துவிட்டு அதை மட்டும் வாசியுங்கள். தொழிற்சாலையும் ஆய்வும் காத்திருக்கட்டும்.

குழித்துறை மாணவர்:

பார்த்தேன் அண்ணா. நான் தாக்கிய இடங்களெல்லாம் ஆற்றுக்கு அக்கரை. ஒவ்வொரு முறையும் ஆற்றைக் கடப்பதற்காக வலிமை குறைந்திருக்கிறது. நேற்று இரவு பாதிப் படையை இக்கரையிலேயே நிறுத்திவிட்டு, மீதியை வடக்கே ஆறு இல்லாத இடத்துக்கு நகர்த்தினேன். எல்லை முதல் தடவையாக உடைந்தது. எதிரியின் ஆறு டிவிஷன்கள் (பெரிய படைப்பிரிவுகள்) ஆற்றுக்கும் என் படைக்கும் நடுவே அடைபட்டு நிற்கின்றன.