மலிவு விலை இம்பாக்ட் ரெஞ்ச்: வீல் நட்டு கழலவில்லை, திருப்பி அனுப்பிவிடலாமா?

ஸ்டெப்னி16:
போன மாதம் உளுந்தூர்பேட்டை தாண்டி ராத்திரி 11 மணிக்கு பஞ்சர். வண்டி வேகன் ஆர். எல் ஸ்பானர் மேல் ஏறி நின்றும் (நான் 75 கிலோ) நட்டு அசையவில்லை. ஒரு லாரி டிரைவர் அண்ணன்தான் பைப் மாட்டிக் கழற்றிக் கொடுத்தார். அந்தக் கடுப்பில் 3,800 ரூபாய்க்கு பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் (அடித்து அடித்து நட்டைத் திருகும் மெஷின்) வாங்கினேன். பெட்டியில் 88 வோல்ட், 520 நியூட்டன் மீட்டர் (திருகு விசை) என்று போட்டிருக்கிறது. நேற்று டயர்களை இடம் மாற்றலாம் என்று உட்கார்ந்தால், 16 நட்டில் 11தான் வந்தது. மீதி ஐந்தில் டகடகவென்று சத்தம் மட்டும். திருப்பி அனுப்ப 4 நாள் இருக்கிறது.

செல்_கட்டுபவன்:
88 வோல்ட்டெல்லாம் ஸ்டிக்கரில் மட்டும்தான் ப்ரோ. இந்த ரக பேட்டரியைப் பிரித்தால் பெரும்பாலும் 5 செல் வரிசையாக இருக்கும். செல்லுக்கு 3.6, ஆக 18 வோல்ட். முழு சார்ஜில் 21. அந்த 520ஐயும் அதே கணக்கில் வையுங்கள். சாக்கெட்டை நேராக மாட்டினீர்களா?

ஸ்டெப்னி16:
இல்லை, எக்ஸ்டென்ஷன் (நடுவில் மாட்டும் நீட்டுக் கம்பி) போட்டு. வீட்டில் இருந்த பளபளா சாக்கெட் செட். சார்ஜும் பாதிதான்.

டயர்க்கடை:
தம்பி, முதலில் அந்த குரோம் சாக்கெட்டை ஓரம் வையுங்கள். அது கை ஸ்பானருக்கு. இம்பாக்ட் அடியில் விரிந்து சில்லு தெறிக்கும், கண் பத்திரம். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் 19 எம்எம் வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் அடியில் ஒரு பங்கைத் தின்றுவிடும், நேராக மாட்டி, முழு சார்ஜில், 10 விநாடி விடாமல் அடியுங்கள்.

ஆனால் குறை மெஷினில் மட்டும் இல்லை. ஒரு அடி நீள ஸ்பானர் மேல் 75 கிலோ நின்றால் 220 நியூட்டன் மீட்டர் வரும். சின்னக் கார் நட்டுக்கு 85 முதல் 110 போதும். யாரோ ஏர் கன்னில் இறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். (அவசரத்தில் நாங்களும் செய்கிற தப்புதான்.)

பழைய_மாருதி:
நானாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். மூன்றடி பைப்பில் 30 கிலோ அழுத்தினாலே 260 தாண்டும். பைப்புக்கு சார்ஜ் வேண்டாம்.

ஸ்டெப்னி16:
கறுப்பு சாக்கெட் போட்டதும் நான்கு நட்டு வந்துவிட்டது! கடைசி ஒன்றுக்கு, டயர் தரையில் இருக்கும்போதே பைப் போட்டேன், 'டங்' என்று விட்டது. அந்த ஸ்டட்டில் (நட்டு ஏறும் போல்ட்) மட்டும் மரை ஒரு பக்கம் மழுங்கி இருக்கிறது. மெஷினை வைத்துக்கொள்கிறேன், கழற்ற மட்டும்.

டயர்க்கடை:
சரி. மாட்டும்போது நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றிவிட்டு, டார்க் ரெஞ்சில் (அளவு வைத்து இறுக்கும் ஸ்பானர்) முடியுங்கள். மழுங்கின ஸ்டட்டோடு பைபாஸ் ஏற வேண்டாம். ஸ்டட், நட்டு இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய நட்டு புது மரையையும் கெடுக்கும்.