கடலோரத் தியான மண்டபத்துக்கு மண்சுவர் தாங்குமா?

செம்புலம்:
வணக்கம். அலை எட்டாத மணல்மேட்டில், பத்துப் பேர் அமைதியாக அமர ஒரு சிறு மண்டபம் வரைந்துகொண்டிருக்கிறேன். விளக்கு, ஒலிபெருக்கி எதுவும் இல்லை. நான்கு பக்கமும் 45 செ.மீ. கனத்தில் திமிசு போட்டு இறுக்கிய மண்சுவர். கடல் பக்கச் சுவரில் மட்டும் கிடைவாக்கில் ஒரு நீளத் திறப்பு. சிமென்ட் ஒரு பிடிகூடச் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதி.

பெர்லினில் 2000-இல் கட்டி முடித்த நல்லிணக்கச் சிற்றாலயம்தான் என் மனத்தில் இருப்பது. 1985-இல் தகர்க்கப்பட்ட பழைய தேவாலயத்தின் செங்கல் சிதிலத்தை மண்ணோடு கலந்து, ஆஸ்திரிய மண்கட்டடக் கலைஞர் மார்ட்டின் ரவுக் அந்தச் சுவரை இறுக்கினார். இடத்தின் நினைவே சுவராக நிற்கிறது. கடலோரத்திலும் இது முடியும் என்று நம்புகிறேன். உங்கள் கருத்து?

உப்புக்காற்று:
முடியாது என்பேன். பெர்லினில் கடல் இல்லை. அந்த மண்சுவரும் வெளியே நிற்கவில்லை, அதைச் சுற்றி மரச்சட்டங்களாலான இன்னொரு புறச்சுவர் இருக்கிறது.

மழையைவிட உப்புக்குத்தான் பயப்பட வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடற்கரையில் இது இரவும் பகலும் மாறி மாறி நடக்கும். சுவரின் துளைகளுக்குள் படிகம் வளரும்போதெல்லாம் மேல்தோலை உள்ளிருந்து தள்ளுகிறது. முதலில் வெள்ளையாகப் பூக்கும், அப்புறம் பொரிந்து உதிரும். அடித்தரையிலிருந்து ஈரம் ஏறினால் இன்னும் வேகம்.

மண்தான் வேண்டுமென்றால் எட்டு சதவீதம் சிமென்ட் சேருங்கள். இல்லையென்றால் கல்லில் கட்டுங்கள்.

திமிசு:
மண்வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். உப்பைப் பற்றி உப்புக்காற்று சொன்னது சரி. அதற்கு அவர் சொல்லும் மருந்துதான் சரியில்லை. சிமென்ட் சேர்த்த மண்ணிலும் துளைகள் இருக்கும், உப்பு அங்கேயும் போகும். மழையில் கரைவது குறையும், அவ்வளவுதான். இழப்பு பெரிது. வெறும் மண்சுவர் உதிர்ந்தால் அந்த இடத்தை நனைத்து, அதே மண்ணைக் குழைத்து அப்பலாம், ஒட்டிக்கொள்ளும். சிமென்ட் கலந்த சுவரில் அந்த ஒட்டு அவ்வளவு எளிதாக வராது. இடிக்கும் நாளில் அது மண்ணாகத் திரும்பவும் செய்யாது. உலகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7, 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மழைக்கு வேறு வழி இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஷ்லின்ஸில் 2008-இல் முடித்த தம் வீட்டில், ரவுக் சுவரில் இடைவெளி விட்டுச் சுட்ட மண் ஓடுகளை வரிசையாகப் பதித்தார். அவை சற்றே வெளியே நீண்டு, வழியும் நீரின் வேகத்தை உடைக்கின்றன. சுவர் கொஞ்சம் தேயும், அதைக் கணக்கில் வைத்தே கட்டியிருக்கிறார்.

செம்புலத்துக்கு ஒரு வார்த்தை: கடற்கரை மணலை ஒருபோதும் கலக்காதீர்கள். மண் உள்நாட்டிலிருந்து வரட்டும், பிசையும் நீரும் நல்ல நீராக இருக்கட்டும். உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டிவிட்டால் பிறகு அதை எடுக்க வழியே இல்லை.

உப்புக்காற்று:
ஓடுவரிசை மழைநீரைத் தடுக்கும். உப்புக்கு அது என்ன செய்யும்? பெருவின் சான் சானைப் பாருங்கள். பசிபிக் கரையோரம் பண்டைய சிமூ மக்கள் சுடாத மண்கல்லால் கட்டிய பெருநகரம். மழையே அரிதான பாலைநிலம். அங்கேயே உப்பும், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளின் பெருமழையும் சுவர்களை அரிக்கின்றன. யுனெஸ்கோ 1986-இல் அதை உலக மரபிடமாக அறிவித்த அதே ஆண்டில் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது.

செம்புலம்:
அந்த நகரம் பல நூற்றாண்டுகள் பராமரிப்பே இல்லாமல் கிடந்தது. மாலியின் ஜென்னே மசூதியைப் பாருங்கள். 1907-இல் கட்டிய மண் கட்டடம், ஊர்மக்கள் ஆண்டுதோறும் கூடிப் பூசுவதால் நிற்கிறது. என் மண்டபத்துக்கும் அதுதான் வேண்டும். வந்து அமர்கிறவர்களே ஆண்டுக்கு ஒருமுறை மண் குழைத்துப் பூசட்டும். கையால் பூசிய சுவருக்குமுன் அமர்வதும் வாங்கிப் பதித்த சுவருக்குமுன் அமர்வதும் ஒன்றல்ல.

உப்புக்காற்று:
ஜென்னேயில் ஊரே அந்த மசூதியைச் சுற்றி வாழ்கிறது. உங்கள் மணல்மேட்டைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? திறப்பு விழாவுக்கு வரும் கூட்டம் ஐந்தாம் ஆண்டுப் பூச்சுக்கு வராது. பூசப்போவது யார், எந்த மாதத்தில், யார் செலவில் என்பதும் வரைபடத்தோடு எழுதப்பட வேண்டும். அது இல்லாதவரை நான் மண்ணுக்கு எதிர்ப்புதான்.

நிழல்தேடி:
எல்லோரும் சுவரையே பேசுகிறீர்கள், அமர்கிறவரைப் பற்றி யாரும் பேசவில்லை. 45 செ.மீ. உயரத் திண்ணையில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் இருக்கும். தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் தெரியும். திறப்பின் மேல்விளிம்பை 1.4 மீட்டரில் நிறுத்துங்கள். உள்ளே வந்து நிற்பவருக்கு மணலும் நுரையும் மட்டும் தெரியும், உட்கார்ந்தால்தான் தொடுவானம் கிடைக்கும். ‘இங்கே அமருங்கள்’ என்று பலகை எழுத வேண்டியதே இல்லை.

இந்தத் திறப்பின் விளிம்புகளில்தான் காற்று மோதித் திரும்பும், மண் முதலில் உதிர்வது அங்கேதான். ஆகவே கடல் பக்கத்தில் இரண்டு கல்தூண், மேலே கனமான மர உத்தரம், கீழே கல் கைப்பிடிச்சுவர் போதும். மண்சுவர் முதுகுப் பக்கமும் இரு பக்கவாட்டிலும் வரட்டும். சாய்ந்தால் முதுகில் படுவது மண், கண்முன் கடல். எனக்கு இது குறையாகவே தெரியவில்லை.

செம்புலம்:
கடல் பக்கம் மண் தேய்வதைப் பார்ப்பதும் தியானத்தின் பகுதி என்று நினைத்தேன். அதை விட மனமில்லை. ஆனால் சாயும் சுவர் மண்ணாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கீழே 60 செ.மீ. கல் அடிமானம், மேலே ஒன்றரை மீட்டர் நீளும் இறவாரம் என்று வரைந்து பார்க்கிறேன்.

உப்புக்காற்று:
கடல்முகத்தைக் கல்லாக்கினால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். ஆனால் ஒன்றரை மீட்டர் இறவாரத்தைக் கவனியுங்கள். மழைக்கு அது நல்லது. புயலில் காற்று அதற்கு அடியில் புகுந்து கூரையை அப்படியே மேலே தூக்கும். மண்சுவர் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. கூரையைச் சுவரில் கட்டினால் சுவரின் தலையையும் பிய்த்துக்கொண்டு போகும்.

திமிசு:
உண்மை. கூரை தனி மரத்தூண்களில் நிற்கட்டும், தூண்கள் அடித்தளத்தோடு பிணையட்டும். சுவர் கூரையைத் தொடவே வேண்டாம், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வெக்கையும் அந்த வழியே வெளியேறும். போல்ட் எல்லாம் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு, சாதா இரும்பு அங்கே நிற்காது.

அப்புறம், கட்டும் முன் அதே மண்ணில் ஒரு முழ நீளச் சோதனைச் சுவரை அந்த மேட்டிலேயே இறுக்கி, ஒரு மழைக்காலம் முழுக்க நிறுத்திப் பாருங்கள். அதன்பின் பேசலாம்.

உப்புக்காற்று:
மழைக்காலம் மட்டும் போதாது. உப்பு வேலை காட்டுவது மழை விட்டுக் காயும்போது. வெயில்காலம் முடியும்வரை அந்தச் சுவர் நிற்கட்டும். பூச்சுக்கு யார் பொறுப்பு என்பதையும் அதற்குள் எழுதிக் காட்டுங்கள், செம்புலம்.