மூடி இறுக்கமாத்தான் இருந்தது, வண்டு எப்படி வந்தது? (முறம், பரண்மேல், அளவுப்படி, சிங்க் ஓரம்: பேசுகிறவர்களின் புனைபெயர்கள்)

முறம்:
தட்டப்பயறு டப்பா. ரப்பர் வளையம் வைத்த மூடி, நெம்பித்தான் திறக்க முடிந்தது. உள்ளே பயறுக்கு ஒரு ஓட்டை, துளைபோடும் கருவியை வைத்து எடுத்தாற்போல அத்தனை வட்டமாக. அடியில் மாவு. வெளியிலிருந்து எதுவும் ஏறியிருக்க வழியில்லை.

ஓட்டை விழாத பயறை வெளிச்சத்தில் பிடித்தால் விஷயம் தெரியும். தோலில் வெள்ளைப் புள்ளி, நகத்தால் சுரண்டினால்தான் போகும். அது முட்டை. மூட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. வாங்கும்போது ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பி அந்தப் புள்ளியைத் தேடுங்க. ஓடுகிற வண்டைத் தேடிப் பயனில்லை.

பரண்மேல்:
இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? மொட்டை மாடியில் ஒரு நாள் வெயில், டப்பாவில் நாலு காய்ந்த மிளகாய், கொஞ்சம் வேப்பிலை. தீர்ந்தது. போன வாரம் பச்சரிசியை விரித்த பத்தாவது நிமிஷம் பாய் விளிம்பில் கறுப்பாக ஊர்வலமே போனது.

அளவுப்படி:
ஊர்வலம் போனது வளர்ந்த வண்டு மட்டும்தான், பரண்மேல். அரிசி வண்டு மூக்கால் அரிசியைக் குடைந்து, குழியில் முட்டையிட்டு, பசையால் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம்ம ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வெளியே வரும். மிளகாயும் வேப்பிலையும் உள்ளே இருக்கிற புழுவை எட்டாது. கடும் வெயிலில் அரிசி விரிசல் விட்டு, களையும்போது குருணையாகிறது. அது தனி நஷ்டம்.

ஃப்ரீசர் இருந்தால் ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் 4 நாள். முட்டை, புழு, வண்டு மூன்றும் போகும். ஐந்து கிலோவை அப்படியே திணித்தால் நடுவில் குளிர் சேர நாளாகும். கரண்ட் நெடுநேரம் போனால் அந்த 4 நாளையும் முதலிலிருந்து எண்ணுங்க. எடுத்தவுடன் பிரிக்கக்கூடாது. பையின் சில்லிப்பு அடங்கும்வரை வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்து பூஞ்சை பிடிக்கும்.

பழைய அரிசியின் மேலேயே புதுசைக் கொட்டுவதுதான் பெரிய தப்பு. டப்பாவைக் காலிசெய்து, மூடியின் மரையில் தங்கிய மாவைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகே நிரப்பணும்.

சிங்க் ஓரம்:
வண்டாவது கண்ணுக்குத் தெரிகிறது. மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்க. காற்றுத் துளை வழியாகச் சின்னக் கரப்பான், கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடு. மோட்டார் சூடும் சட்னிச் சிந்தலும் அதுக்குச் சொர்க்கம். அங்கேயிருந்து நேரே அரைக்கிற ஜார் விளிம்புக்கு வருது.

யாரும் கேட்கலை, இருந்தாலும்: ஸ்ப்ரே அடிக்காதீங்க. ஜெல் மருந்தை அலமாரிக் கதவின் கீல் மூலையிலும் ஃப்ரிட்ஜ் பின்பக்கத்திலும் கடுகளவு பொட்டுகளாக வைங்க. மேடையிலோ பாத்திரம் பக்கத்திலோ வேண்டாம். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரேயும் அடித்தால் அந்த வாடைக்குக் கரப்பான் ஜெல்லைத் தொடாது. பாதிப் பேர் 'மருந்து வேலை செய்யலை' என்பது இதனால்தான். ராத்திரி சிங்க்கைத் துடைத்து ஈரமில்லாமல் விடுங்க. தீனி இல்லாமல் அது பல நாள் தாங்கும், தண்ணி இல்லாமல் அத்தனை நாள் தாங்காது.

பரண்மேல்:
சரி, ஃப்ரீசர் இல்லாத வீட்டில்? மூட்டைக்குப் போடுகிற மாத்திரை ஒன்று கிடைக்குமாமே.

அளவுப்படி:
தொடவே தொடாதீங்க. அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். மூடிய அறையில் தூங்குபவர்களைக் கொன்றிருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் கையாளும் சரக்கு அது.

முறம்:
முழுப் பயறுக்கு விளக்கெண்ணெய் போதும், கிலோவுக்கு ஒரு டீஸ்பூன். உள்ளங்கையில் தடவி, ஒவ்வொரு மணியும் லேசாக மினுங்கும்வரை பிசறணும். எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றை அடைத்துவிடும். ஏற்கெனவே ஓட்டை விழுந்ததுக்கு இது உதவாது, புடைத்துத் தள்ளுங்க. வேகவைக்கும் முன் வெந்நீரில் இரண்டு தரம் கழுவினால் வாடை போயிடும்.