143, 188 வழக்கு ஜீவானந்தம் தீர்ப்பால் தானாகவே போய்விடுமா?

கேள்வி:
2022-ல் எங்கள் ஊரில் குடிதண்ணீர் கேட்டு மறியல் நடந்தது, தம்பியும் போய் நின்றான். இபிகோ 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188-ல் (அரசு அலுவலர் போட்ட உத்தரவை மீறுதல்) வழக்காம், இப்போது சம்மன் வந்திருக்கிறது. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன ஜீவானந்தம் தீர்ப்புப்படி 188-க்கு போலீஸ் எஃப்ஐஆரே போட முடியாது, கோர்ட்டுக்குப் போகவே வேண்டாம் என்கிறான் அவன் நண்பன். ஆனால் அப்போது இருந்த சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) அட்டவணையில் 188 போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்றுதானே போட்டிருந்தது?

பதில் 1:
முதலில் சம்மனுக்குப் போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாரண்ட்தான் வரும். அட்டவணை நீங்கள் சொல்வதுபோலத்தான் இருந்தது. ஆனால் தடை உத்தரவு போட்ட அலுவலரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்தில் புகார் கொடுத்தாலொழிய 172 முதல் 188 வரையுள்ள குற்றங்களை எந்த நீதிமன்றமும் கையில் எடுக்கக்கூடாது என்றது அதே சிஆர்பிசியின் பிரிவு 195. ஜீவானந்தம் தீர்ப்பைச் சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் இதற்கு எஃப்ஐஆர் போட போலீஸுக்கு அதிகாரம் இல்லை என்றார். 143-ம் எளிதில் நிற்காது, ஐந்து பேர் கூடினாலே போதாது, இபிகோ 141 சொல்லும் சட்டவிரோத நோக்கம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

பதில் 2:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை சார். 195 கட்டிப்போடுவது நீதிமன்றத்தை, போலீஸை அல்ல. 1998-ல் பஞ்சாப் அரசு எதிர் ராஜ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்தப் பிரிவு போலீஸ் விசாரணையைத் தடுக்காது என்றது. அது நீதிமன்ற ஆவண மோசடி பற்றிய உட்பிரிவு என்பீர்கள், சரி, ஆனால் வாசகம் இரண்டுக்கும் ஒன்றுதானே?

பதில் 3:
வாதம் இருக்கட்டும், மறியல் என்றால் 341-ம் (பிறரை வழிமறித்துத் தடுத்தல்) சேர்த்திருப்பார்களே, எஃப்ஐஆரைப் பார்த்தீர்களா? 2000-ல் மூன்று மாணவிகள் எரிந்துபோன தருமபுரி பஸ் வழக்கிலும் 188 இருந்தது. முறையான புகார் இல்லை என்று அந்தக் குற்றச்சாட்டு செல்லாது என்ற உச்ச நீதிமன்றம், 2010-ல் அதே தீர்ப்பில் கொலைக் குற்றத்தை அப்படியே உறுதி செய்தது. 188 விழுந்தால் மற்றதும் கூடவே விழாது. தானாக எதுவும் போகாது, உயர் நீதிமன்றத்தில் குவாஷ் மனு (வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு) போட வேண்டும். முன்பு சிஆர்பிசி 482, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 528.

கேட்டவர்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 341-ம் இருக்கிறது. நாளைக்கே வக்கீலைப் பார்க்கிறோம்.